முதல் குற்றவாளி அம்மா

டெக்காரி நெடுஞ்சாலையால் போகிற எந்த மொன்றியல்வாசிக்கும் அந்தப் பூதாகாரமான தோடம்பழத்தைத் தெரியும். இலக்கம் 7700, ஆரஞ்சு ஜூலெப். காரில் பிள்ளைகள் இருந்தால் நிறுத்தச் சொல்லி அடம்பிடிப்பார்கள். மறுகரையில், 7777ஆம் இலக்கத்தில், பல ஆண்டுகள் இன்னொரு கம்பனி இருந்தது. அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் காரை நிறுத்தச் சொன்னதில்லை. அவசியமும் இல்லை. அந்தக் கடை பிள்ளையின் கட்டிலுக்கே வந்து சேரும்.

கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் படித்த சில இளைஞர்கள் தொடக்கிய வியாபாரம் அது. மான்செஃப் என்றார்கள், மான்வின் என்றார்கள், மைண்ட்கீக் என்றார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து எய்லோ என்கிறார்கள். கம்பனியின் பத்திரங்கள் லக்சம்பர்க்கில், வேலை மொன்றியலில், இப்போதைய முதலாளிகள் ஒட்டாவாவில். முதலாளிகளின் நிறுவனத்துக்குப் பெயர் எதிக்கல் கேப்பிட்டல் பார்ட்னர்ஸ். அறத்தைத் தாங்களாகவே பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பங்கில்லை. போர்ன்ஹப் இவர்களுடையது. உலகின் ஆகப் பெரிய ஆபாசச் சந்தைகளில் ஒன்று, கோட்-டே-நேஜ் தமிழ்ச் சனம் நடந்தே போகக்கூடிய தூரத்தில் வளர்ந்து ஆளாகியிருக்கிறது. இவ்வளவு கிட்ட இருந்தும் நாங்கள் பெருமைப்படாமல் இருப்பது நன்றிகெட்டதனம்.

அந்தச் சந்தையின் வாசலில் காவல் இல்லாமல் இல்லை. 'உனக்கு 18 ஆகிவிட்டதா?' என்று திரை கேட்கும். ஆம் என்ற பொத்தானை அமத்தத் தெரிந்தால் வயது வந்துவிட்டது என்று பொருள். பத்து வயதுப் பிள்ளை அமத்தினால்? அதற்குத்தானே பேரன்டல் கண்ட்ரோல் இருக்கிறது. அதைப் போடாமல் விட்டது யார்? அம்மா. வழக்கு முடிந்தது. எய்லோ, அப்பிள், கூகிள், மெட்டா, டிக்டொக், ஒட்டாவா, கியூபெக் எல்லோரும் விடுதலை. முதல் குற்றவாளி அம்மா. அந்த நேரம் இரவு வேலையில் நின்றபடியால் அப்பா இரண்டாம் குற்றவாளி.

கட்டுப்பாடு போடத் தெரியாத ஊர் என்று கியூபெக்கைப் பார்த்துச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். 2013இல் இதே மொன்றியலில் ஓர் இத்தாலிய உணவகத்தின் மெனுவில் 'பாஸ்தா' என்ற சொல் கிடக்கிறதென்று மொழி அலுவலகம் கடிதம் அனுப்பியது. உலகமே சிரித்தது; அலுவலகத்தின் தலைவி பதவி விலகினார். கண்டிப்பு மட்டும் குறையவில்லை. 2025 ஜூன் 1 முதல் கடைப்பலகையில் வேறு மொழி இருந்தால், பிரெஞ்சுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு இடம் கொடுக்கவேண்டும். மொழிச் சட்டத்தை மீறும் வியாபாரத்துக்கு நாளொன்றுக்கு 3,000 முதல் 30,000 டொலர் வரை தண்டம். பார்க் எக்ஸ்ரென்ஷனில் இடியப்பம் விற்கிற மனிசன் அளவுநாடாவோடு தன் பலகைக்கு முன்னால் நிற்கிறான். 'பிடிக்காதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகட்டும், அது அவரவர் குடும்பப் பொறுப்பு' என்று அரசு அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

கஞ்சாவைப் பாருங்கள். கியூபெக்கில் அதை அரசே கடை வைத்து விற்கிறது. 2020 ஜனவரியிலிருந்து வாங்குகிறவருக்கு 21 வயது ஆகியிருக்கவேண்டும். கனடாவிலேயே ஆகக் கடுமையான எல்லை இதுதான். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். 21 ஆகாதவர் வாங்குவது இருக்கட்டும், உள்ளே கால் வைக்கவே முடியாது. 'உனக்கு 21 ஆ? ஆம் என்றால் தலையை ஆட்டிவிட்டு வா' என்று சொல்கிற கஞ்சாக் கடை இந்த மாகாணத்தில் கிடையாது. பலகை எழுத்துக்கு அளவுநாடா உண்டு, கஞ்சாவுக்கு அடையாள அட்டை உண்டு. டெக்காரிக்கு மட்டும் தலையாட்டல் போதும்.

சரி, அம்மாவின் கையில் கொடுத்த ஆயுதத்தைப் பார்ப்போம்.

பேரன்டல் கண்ட்ரோலைச் செய்தவர்களின் மனதில் ஒரு பெற்றோர் இருந்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஐந்து மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவார். சொந்தமாக ஒரு மின்னஞ்சல் வைத்திருப்பார். அதன் பாஸ்வேர்ட் அவருக்கே தெரியும். தொலைபேசிக்கு ஒரு விதம், டிக்டொக்குக்கு இன்னொரு விதம், யூடியூபுக்கு வேறொரு விதம், விளையாட்டுப் பெட்டிக்குப் பிறிதொரு விதம், வைஃபை ரவுட்டருக்குத் தனியாக ஒரு விதம் என்று ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்த அமைப்புகளை ஞாயிற்றுக்கிழமை தோறும் தேநீர் குடித்தபடி சரிபார்ப்பார். அப்டேட் வந்து எல்லாம் இடம் மாறிப்போனால் முகம் சுளிக்காமல் மறுபடி தேடுவார். இந்த மனிதரைத்தான் நான் மொன்றியலில் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டவர்கள் அறியத் தரவும்.

நான் கண்டது வேறு ஆட்களை. அப்பாவுக்குச் சாமான் கிடங்கில் இரவு வேலை. அம்மா விடிய எழும்பி உணவகச் சமையலறைக்கு பஸ் பிடிக்கிறாள். ஹைட்ரோ-கியூபெக் பில்லிலிருந்து பாடசாலைக் கடிதம் வரைக்கும் பிரெஞ்சை வாசித்துச் சொல்வது பிள்ளை. டொக்டரிடம் மொழிபெயர்ப்பதும் பிள்ளை. அம்மாவின் தொலைபேசிக்குக் கணக்குத் திறந்ததும், பாஸ்வேர்ட் தெரிவு செய்ததும் அதே பிள்ளைதான். ஒரு நாள் திரையில் ஏதோ எழுத்து வந்து நிற்கும்.

"தம்பி, இது என்னவோ கேட்குது. ஒருக்கா வந்து பார், அப்பு."

"அது ஒண்டுமில்லையம்மா. ஓகேயை அமத்துங்கோ."

அம்மா அமத்தினாள். பிள்ளையைக் கண்காணிக்கும் அதிகாரத்தை அம்மாவுக்கு வழங்கியதும் அந்தப் பிள்ளை. மீளப் பெற்றுக்கொண்டதும் அந்தப் பிள்ளை. கைதியே சிறைக் காவலரை நியமித்து, அவரை ஓய்வில் அனுப்பியும் வைக்கிற இந்த ஏற்பாட்டுக்குத்தான் சிலிக்கன் பள்ளத்தாக்கில் 'பெற்றோரை வலுப்படுத்துதல்' என்று பெயர்.

அம்மா ஆங்கிலம் கரைத்துக் குடித்த மென்பொருள் பொறியியலாளர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஆயுதம் சுடுமா? அப்பிளின் ஸ்கிரீன் டைமில் பெற்றோர் போட்ட நேரக் கட்டுப்பாடு தானாகவே கழன்று விழுவதாக 2023இல் புகார்கள் குவிந்தன; கோளாறு இருப்பதை அப்பிளே ஒப்புக்கொண்டது. கூகிளின் ஃபமிலி லிங்க், பல நாடுகளில் பிள்ளைக்கு 13 வயது ஆனதும் மேற்பார்வையைத் தானே கழற்றி எறியலாம் என்ற ஏற்பாட்டைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. மீசை அரும்பும் வயது, ஆபத்தும் அரும்பும் வயது; சரியாக அந்தப் பிறந்தநாளுக்கு விடுதலைப் பத்திரம். இவை இல்லாவிட்டாலும் பெடியளுக்கு வழியா இல்லை? தொலைபேசியின் நேர வலயத்தை மாற்றினால் இரவு பத்து மணி மாலை ஆறு மணியாகிவிடும். செயலியை அழித்துவிட்டு மறுபடி இறக்கினால் கணக்குப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். விபிஎன் போட்டால் ஊரே மாறிவிடும். ஒன்றுக்கும் சரிவராவிட்டால், அம்மா கடவுச்சொல்லை அமத்தும்போது பின்னால் நின்று பார்த்தால் போயிற்று.

2007இல் அவுஸ்திரேலிய அரசு 8.4 கோடி டொலர் செலவில் வீடுகளுக்கு இணைய வடிகட்டி கொடுத்தது. மெல்பேர்ணில் 16 வயது மாணவன் ஒருவன் அதை அரை மணித்தியாலத்தில் உடைத்துக் காட்டினான். பதற்றத்தோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள். அதற்கு அவனுக்குக் கொஞ்சம் கூடுதலான நேரம் பிடித்தது. அந்த மாணவன் இன்றைக்குப் பிள்ளைகுட்டிக்காரனாகும் வயதில் இருப்பான். அரசுகளும் கம்பனிகளும் இன்னும் அதே வடிகட்டியைப் புதுப் பெயரில் விற்றுக்கொண்டிருக்கின்றன.

இது கம்பனிகளுக்குத் தெரியாதா? வடிவாகத் தெரியும். என் கோபத்தின் அடிவேர் அங்கேதான் இருக்கிறது.

2024 ஜனவரி 31ஆம் திகதி அமெரிக்க செனட் விசாரணையில் ஸ்னாப் கம்பனியின் தலைவர் இவன் ஸ்பீகல் கணக்குச் சொன்னார். அமெரிக்காவில் ஸ்னாப்சாட் பாவிக்கும் பதின்வயதினர் ஏறத்தாழ 2 கோடிப் பேர். பெற்றோருக்கான கண்காணிப்பு வசதியைப் பாவிக்கும் பெற்றோர் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். நூற்றுக்கு ஒன்று. நூறில் ஒருவருக்கு மட்டும் நின்ற வாகனப் பிரேக்கை வைத்துக்கொண்டு எந்தக் கார்க் கம்பனியாவது 'மற்ற 99 பேருக்கும் அமத்தத் தெரியவில்லை' என்று சொல்லித் தப்ப முடியுமா? அதே ஆண்டு செப்டெம்பரில் மெட்டாவின் பெரிய அதிகாரி நிக் கிளெக், நாங்கள் கட்டுப்பாடுகளைச் செய்து கொடுத்தாலும் பெற்றோர் பாவிப்பதில்லை என்று பொதுமேடையில் சலித்துக்கொண்டார். பாவிக்க முடியாத இடத்தில் ஒளித்து வைத்தவரே பாவிக்கவில்லை என்று கவலைப்படும்போது கண்ணீர் துடைக்க யாராவது கைக்குட்டை கொடுக்கவேண்டும். 2025இல் இன்ஸ்டாகிராமின் பதின்வயதுப் பாதுகாப்பு வசதிகள் 47ஐ, முன்பு அங்கே வேலை செய்த பொறியியலாளர் ஆர்துரோ பெஹாரும் ஆய்வாளர்களும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் 30 வேலை செய்யவில்லை, அல்லது இல்லவே இல்லை.

டிக்டொக்கின் கதை எல்லாவற்றுக்கும் மகுடம். பதின்வயதினருக்கு நாளுக்கு 60 நிமிடம் என்ற எல்லையை அது பெரிய ஆரவாரத்தோடு கொண்டுவந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநில வழக்கில் கறுப்பு மை பூசி மறைத்திருந்த பக்கங்கள் 2024 ஒக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்தன. கம்பனியின் சொந்தச் சோதனையிலேயே, அந்த எல்லை பிள்ளைகளின் பாவனையை நாளுக்கு 108.5 நிமிடத்திலிருந்து 107 நிமிடத்துக்குக் குறைத்திருந்தது. ஒன்றரை நிமிடம். ஒரு பிள்ளை பல் தீட்டுகிற நேரம்கூட இல்லை. அந்த வசதி வெற்றியா என்று அளக்க வைத்திருந்த அளவுகோல்களில் ஒன்று, ஊடகங்களில் வரும் செய்தியால் டிக்டொக் மீதான நம்பிக்கை உயர்கிறதா என்பது. வசதி வேலை செய்தது. பிள்ளையில் செய்யவில்லை, பத்திரிகையில் செய்தது.

நம் நாட்டிலும் அதே கதைதான். 2025 செப்டெம்பரில் கனடாவின் தனியுரிமை ஆணையரும் கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா மாகாணங்களின் ஆணையங்களும் சேர்ந்து டிக்டொக் பற்றிய விசாரணை முடிவை வெளியிட்டார்கள். வயது குறைந்தவை என்று கண்டுபிடித்து அந்தக் கம்பனி கனடாவில் வருடாவருடம் நீக்கும் கணக்குகள் ஏறத்தாழ 5 இலட்சம். கண்டுபிடித்தவையே 5 இலட்சம். ஒரு பாட்டுக்கு இரண்டு விநாடி கூடுதலாக நின்றால் உன் மனநிலையையே கணித்து அடுத்த பாட்டைத் தள்ளுகிற இயந்திரத்துக்கு, எதிரில் இருப்பது ஒன்பது வயதா பத்தொன்பது வயதா என்று மட்டும் பிடிபடவில்லை.

தனியாகக் காசு கொடுத்துக் காவல் செயலி வாங்குகிற பெற்றோரும் உண்டு. அவர்களுக்கும் ஆறுதல் இல்லை. பிள்ளைகளைக் கண்காணிக்கும் டீன்சேஃப் செயலி 2018இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கணக்குகளின் விபரங்களைப் பூட்டில்லாத சேவையகத்தில் போட்டு வைத்திருந்தது. பிள்ளைகளின் அப்பிள் கணக்குக் கடவுச்சொற்களும் அதில் பச்சையாகக் கிடந்தன. குடும்பத்தினர் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டும் லைஃப்360 செயலி, அந்த இடவிபரங்களைத் தரவுத் தரகர்களுக்கு விற்று வந்தது 2021 டிசம்பரில் அம்பலமானது. பிள்ளையைக் காக்க வைத்த காவல்காரனே பிள்ளை போகும் பாதையைக் கூறுபோட்டு விற்றான். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வதென்று பழமொழி சொன்னவர்கள், அந்த வேலிக்கு மாதச் சந்தாவும் கட்டவேண்டி வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் வேலை செய்யாத இந்தச் சாமானை ஏன் இவ்வளவு பாடுபட்டுச் செய்கிறார்கள்? விடை மொன்றியல் நீதிமன்றத்தில் இருக்கிறது. 2022 டிசம்பரில் கியூபெக் மேல் நீதிமன்ற நீதிபதி சில்வான் லூசியே, ஃபோர்ட்நைட் விளையாட்டைச் செய்த எபிக் கேம்ஸ் கம்பனிக்கு எதிரான கூட்டு வழக்குக்கு அனுமதி கொடுத்தார். மூன்று பிள்ளைகளின் பெற்றோர் தொடுத்த வழக்கு. மனுவின்படி அதில் ஒரு பிள்ளை இரண்டு வருடத்துக்கும் குறைந்த காலத்தில் 7,781 மணித்தியாலம் விளையாடியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல். நித்திரை, சாப்பாடு, குளிப்பு, கூட்டாளிகள் எல்லாம் போயிற்று என்கிறது மனு. கம்பனி என்ன சொன்னது? எங்களிடம் இத்துறையிலேயே முன்னணியான பேரன்டல் கண்ட்ரோல் இருக்கிறது, பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடியது என்ற வாராந்த அறிக்கையைப் பெற்றோர் பெற்றுக்கொள்ளலாம் என்றது. பார்த்தீர்களா, ஆயுதம் சுடுகிறது. பிள்ளையைக் காக்க அல்ல, கம்பனியைக் காக்க. அந்தப் பொத்தான் இருப்பது அமத்துவதற்காக இல்லை, 'அமத்தவில்லையே' என்று நீதிபதிக்குக் காட்டுவதற்காக. அதே மாதத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டுகளைத் தீர்க்க இதே கம்பனி 52 கோடி டொலர் கட்டச் சம்மதித்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று: முன்பின் தெரியாத ஆட்களோடு பிள்ளைகள் குரலில் பேசும் வசதியைத் தொடக்கத்திலிருந்தே திறந்துவிட்டிருந்தது. திறப்பது அவர்கள்; மூடுவது அம்மா.

லூசியே தம் தீர்ப்பில் புகையிலையை நினைவுபடுத்தினார். அதன் தீங்கும் ஒரே இரவில் ஒப்புக்கொள்ளப்படவில்லை என்றார். அந்த வரலாறு மொன்றியலுக்கு நன்றாகத் தெரியும். சிகரெட் கம்பனிகளுக்கு எதிரான கூட்டு வழக்குகள் இங்கே 1998இல் தொடங்கின. நீதிபதி பிரையன் ரியோர்டன் 1,500 கோடி டொலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பெழுதியது 2015இல். அதற்குள் வழக்குப் போட்டவர்களில் பலர் சுடலைக்குப் போய்விட்டார்கள். தீமை தெரிந்துதான் புகைத்தார்கள், அது அவரவர் தெரிவு என்பது அப்போதும் கம்பனிகளின் வாதம். அந்த வாதத்துக்கு இப்போது பதின்மூன்று வயது ஆள் கிடைத்திருக்கிறது. இந்தக் கணக்கில் நியாயம் வரும்போது ஃபோர்ட்நைட் விளையாடிய பிள்ளைக்குப் பிள்ளை பிறந்திருக்கும்.

சட்டம் செய்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை. கியூபெக்கைச் சேர்ந்த செனட்டர் ஜூலி மிவில்-தெஷேன், முன்னாள் பத்திரிகையாளர், ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்க்கவேண்டும் என்று 2020இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். 2021 தேர்தல் வந்தது, மசோதா செத்தது. எஸ்-210 என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்தார். செனட்டில் நிறைவேறியது, 2023 டிசம்பரில் மக்களவையின் இரண்டாம் வாசிப்பையும் 189க்கு 133 என்று தாண்டியது, ஆளுங்கட்சியில் பெரும்பாலானவர்கள் எதிர்த்தும். 2025 ஜனவரியில் அப்போதைய பிரதமர் ட்ரூடோ நாடாளுமன்றத்தை ஒத்திவைத்தார், மசோதா மறுபடி செத்தது. அரசின் சொந்த இணையத் தீங்கு மசோதா சி-63உம் அதே குழியில் விழுந்தது. 2025 மேயில் எஸ்-209 என்று மூன்றாம் பிறவி. ஒட்டாவாவில் ஒரு குழந்தைப் பாதுகாப்பு மசோதா உயிர் பிழைப்பதைவிட ஜனவரியில் மொன்றியல் பால்கனியில் கறிவேப்பிலை பிழைப்பது இலகு.

எதிர்த்தவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை. ஆபாசத் தளத்துக்கு அடையாள அட்டையைக் கொடுப்பது ஆபத்துத்தான். விபிஎன்னால் தப்பிக்கலாம் என்பதும் உண்மை. பிரித்தானியாவில் 2025 ஜூலையில் வயதுச் சரிபார்ப்பு வந்த நாளே விபிஎன் வியாபாரம் பொங்கியது. இவற்றுக்குப் பதில் தேடவேண்டும், தேடலாம். ஆனால் தனியுரிமை, தனியுரிமை என்று எய்லோ கண் கலங்கும்போதுதான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. 2024 பெப்ரவரி 29ஆம் திகதி தனியுரிமை ஆணையர் பிலிப் டுஃப்ரென் வெளியிட்ட அறிக்கை, இதே கம்பனி கனடாவின் தனியுரிமைச் சட்டத்தை மீறியது என்றது. காணொளியில் இருப்பவர் சம்மதித்தாரா என்று அவரிடம் கேட்காமல், ஏற்றியவரின் வாய்வார்த்தையை நம்பிப் போட்டார்கள். புகார் கொடுத்த பெண்ணின் அந்தரங்கக் காட்சியை ஏற்றியது அவருடைய முன்னாள் காதலன். அந்த அறிக்கை வெளிவராமல் தடுக்கக் கம்பனி நீதிமன்றப் படியும் ஏறியது. வாசலில் 18 என்று அமத்தினால் நம்புவார்கள். உள்ளே சம்மதம் என்று அமத்தினாலும் நம்புவார்கள். உலகிலேயே இவ்வளவு வெள்ளை மனதுக்காரரை நான் கண்டதில்லை.

இவர்களுக்கு வயது கேட்கத் தெரியாமலும் இல்லை. அமெரிக்காவின் லூசியானாவில் 2023இல் அடையாளம் கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். வருகை ஏறத்தாழ 80 சதவீதம் விழுந்துவிட்டதாகக் கம்பனியே சொன்னது. பாடம் படித்தாயிற்று. டெக்சஸில் 2024இல் நீதிமன்றம் வயதுச் சட்டத்தை உறுதிசெய்தபோது கடையைச் சாத்தினார்கள்; 2025 ஜூனில் பிரான்சிலும் சாத்தினார்கள். வயதைச் சரிபார்க்கவேண்டியது தொலைபேசியைச் செய்கிற அப்பிளும் கூகிளும்தான் என்கிறது எய்லோ. செயலிக் கடைதான் பார்க்கவேண்டும் என்கிறது மெட்டா. எல்லோருடைய வயதையும் எங்களிடம் சேர்ப்பது தனியுரிமைக்கு ஆகாது என்கிறது அப்பிள். ஒட்டாவா இணையம் சிக்கலான விடயம் என்கிறது. கியூபெக் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு வேண்டாம் என்ற பரிந்துரையை 2025இல் ஒரு சிறப்பு ஆணைக்குழுவிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறது. பாடசாலையில் மணி அடித்து மணி அடிக்கும் வரை கைத்தொலைபேசிக்குத் தடையும் போட்டாயிற்று. மூன்றரை மணிக்குப் பிறகு? பந்து கை மாறிக் கை மாறி, கடைசியில் பஸ்ஸில் தூங்கி விழுகிற அம்மாவின் மடியில் வந்து விழும்.

முடியாது என்கிறார்களே, அதுதான் ஆகப் பெரிய பொய். 2020 டிசம்பர் 4ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸில் நிக்கலஸ் கிறிஸ்டோஃப், போர்ன்ஹப்பில் சிறுவர்கள் மீதான வல்லுறவுக் காணொளிகள் கிடப்பதை எழுதினார். அதற்கு முன் பல ஆண்டுகள் பாதிக்கப்பட்ட பெண்பிள்ளைகள் கெஞ்சியிருந்தார்கள்; காணொளி நீங்கும், திரும்ப வரும். டிசம்பர் 10ஆம் திகதி வீசாவும் மாஸ்டர்கார்டும் பணத்தை நிறுத்தின. 14ஆம் திகதி, யார் ஏற்றியதென்று உறுதியில்லாத ஒரு கோடிக்கு மேற்பட்ட காணொளிகள் மறைந்துபோயின. பத்து நாள். சட்டம் தேவைப்படவில்லை, புதுத் தொழில்நுட்பம் தேவைப்படவில்லை, பெற்றோருக்கான கருத்தரங்கு தேவைப்படவில்லை. கடன் அட்டை தேவைப்பட்டது. பிள்ளையின் கண்ணீருக்கு அசையாத பொத்தான், காசு நின்றதும் தானாக அமர்ந்தது.

அரசுக்கும் வழி தெரியாமல் இல்லை. 1980இலேயே கியூபெக், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைத்து வர்த்தக விளம்பரம் செய்யக்கூடாது என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அர்வின் டோய் என்ற விளையாட்டுச் சாமான் கம்பனி, பேச்சுச் சுதந்திரம் போய்விட்டதென்று வழக்காடியது. 1989இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது: விளம்பரத்தின் தந்திரத்தைப் பிள்ளைகளால் பிரித்தறிய முடியாது, ஆகவே அவர்களைக் காப்பது நியாயம். அன்றைய அரசியல்வாதிகள் 'அம்மாமார் தொலைக்காட்சியை நிறுத்திவிடட்டும்' என்று துண்டுப்பிரசுரம் அடிக்கவில்லை. விற்கிறவனைப் பார்த்து, பிள்ளையிடம் போகாதே என்றார்கள். பிளாஸ்டிக் பொம்மை விற்றவனுக்கு எதிராக இருந்த முதுகெலும்பு, பிள்ளையின் நித்திரையையும் நாணத்தையும் விற்கிறவனுக்கு முன்னால் எங்கே கழன்று விழுந்தது?

நம் சபைகளையும் சும்மா விட முடியாது. தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவில் ஒலிவாங்கி பிடிக்கிற ஐயா, 'இந்தக் காலத்துத் தாய்மார் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள் இல்லை, கலாசாரம் அழிகிறது' என்று முழங்குவார். முதல் வரிசையில் அவருடைய பேரன் ஐபாட்டில் மூழ்கியிருப்பான். அழாமல் இருக்க ஐயாவே கொடுத்தது. இந்தப் பிரசங்கத்தைக் கேட்டால் எய்லோவின் சட்டத்தரணிகள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அவர்களுடைய வாதத்தைத் தமிழில், அதுவும் இலவசமாக, பண்பாட்டுச் சந்தனம் பூசிச் சொல்லித் தருகிறோம். பிள்ளை எதையாவது பார்த்துப் பயந்துபோய் வந்தால் அதைச் சொல்ல இருக்கிற ஒரே ஆள் அம்மா. அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் பிள்ளை யாரிடம் சொல்லும்?

பேரன்டல் கண்ட்ரோல் அவ்வளவு நல்ல சாமான் என்றால், அதைக் கம்பனிகளுக்கே பூட்டிப் பார்ப்போம். பெயர் கம்பனிக் கண்ட்ரோல். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு காணொளியும் தள்ளக்கூடாது. மீறினால் சேவையகம் அணையும். வருமானத்துக்கு நாளாந்த எல்லை உண்டு. தலைமை அதிகாரியின் கணக்கு மொன்றியல் அம்மா ஒருத்தியின் தொலைபேசியில் இணைக்கப்பட்டிருக்கும்; வாராந்த அறிக்கை அவளுக்குத் தமிழில் வரும். பிள்ளையின் கண்ணில் என்னென்ன பட்டது, அதில் எவ்வளவு சம்பாதித்தாய், காரணத்தை எழுது. எல்லா அமைப்பும் தொடக்கத்திலேயே மூடி இருக்கும். திறக்க வேண்டுமானால் அதிகாரிதான் பத்துப் பக்கம் தேடித் திறக்கவேண்டும், அவருக்குத் தெரியாத மொழியில். விதி மீறிவிட்டு 'அந்தப் பொத்தான் எங்கே இருந்ததென்று தெரியவில்லை' என்றால், மொழி அலுவலகம் இடியப்பக் கடைக்குப் போடுகிற அதே தண்டம், நாளுக்கு 30,000.

பகிடி என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தைப்பொங்கல் விழாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் எப்படியும் வருவார்கள். வேட்டி கட்டிக்கொண்டு, 'வணக்கம்' சொல்லி, குடும்ப விழுமியங்களில் தமிழரை மிஞ்ச ஆளில்லை என்று புகழ்வார்கள். நாங்கள் பொன்னாடை போர்த்தி வடை கொடுப்போம். இந்த முறை போர்த்த முன் கேளுங்கள்: 2023 டிசம்பரில் அந்த மசோதாவுக்கு உங்கள் கட்சியின் கை எந்தப் பக்கம் உயர்ந்தது? 1980இல் பொம்மைக் கம்பனிக்குச் சொன்னதை இன்றைக்கு எய்லோவுக்கும் டிக்டொக்குக்கும் சொல்ல யார் தடுக்கிறார்கள்? அவர் பதிலுக்குப் பளபளப்பான பிரசுரம் ஒன்றை நீட்டி, பெற்றோர் விழிப்பாக இருக்கவேண்டும் என்று தொடங்கினால், பொன்னாடையை மடித்துப் பைக்குள் வையுங்கள். வடையையும் திருப்பி வாங்குங்கள்.